ஒரு நாளைக்கு 22 இலை: பேட்டைச் சாப்பாட்டுக் கடையைக் காப்பாற்றும் கணக்கு

பக்கத்துப் பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடை மூடப்போகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும் நடப்பது பெரும்பாலும் இதுதான். "எல்லாரும் இந்தச் சனிக்கிழமை போய்ச் சாப்பிடுங்க" என்று ஒருவர் எழுதுவார். அது ஐம்பது குழுக்களுக்குப் போகும். சனிக்கிழமை பகல் 12 மணிக்கு வரிசை அடுத்த புளோக்கின் அடிவரை நீளும். ஒன்றரை மணிக்குச் சாம்பார் தீரும், இரண்டு மணிக்குத் தோசை மாவு தீரும். முதல்முறை வந்தவர்களில் பாதிப் பேர் பசியோடும் கோபத்தோடும் திரும்புவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே கடையில் ஆறு மேசை காலியாகக் கிடக்கும். இரண்டு மூன்று மாதத்தில் கதவில் பூட்டு தொங்கும்.

வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். அந்த நல்ல மனம் கடைக்கு உண்மையில் பயன்பட வேண்டுமென்றால் கடையின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் 3,047 உணவு, பானக் கடைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இதுதான் ஆக அதிகம். அதே ஆண்டில் அதைவிடக் கூடுதலான கடைகள் புதிதாகத் திறந்தன. சாப்பிடுகிறவர்கள் அதே அளவில்தான் இருக்கிறார்கள், பங்கு கேட்கும் கடைகள் பெருகிவிட்டன. போதாக்குறைக்கு, வார இறுதியில் ஜொகூர் பாருவுக்குப் போய்ச் சாப்பிட்டு, அப்படியே மளிகையும் வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். பேட்டைக் கடை காலங்காலமாக நம்பியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பசியாறல் அப்படித்தான் கரைந்தது.

வரியிலும் ஓர் இறுக்கம் உண்டு. பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024 ஜனவரி 1ஆம் தேதி 9 ஆனது. ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்குக் கீழ் விற்கும் கடை இந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. அது நல்லதுதானே என்று தோன்றும். பதிவில்லாத கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது. ஆனால் தான் கட்டும் வாடகையிலும், எரிவாயுவிலும், மொத்த வியாபாரியிடம் வாங்கும் எண்ணெயிலும் இருக்கும் 9 விழுக்காட்டைத் திரும்பக் கோரவும் முடியாது. அந்தச் சுமை அப்படியே கடையின் தலையில் நிற்கிறது.

ஆள் விஷயம் இன்னும் கடினம். சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் மொத்த ஊழியர்களில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஏழு பேர் வேலைசெய்யும் கடைக்கு அது இரண்டு பேர். அப்படி இருக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை உண்டு: அடிப்படைத் திறனாளர் ஒருவருக்கு மாதம் 450 வெள்ளியில் தொடங்கி, விகிதம் கூடக்கூட 800 வரை ஏறும். உள்ளூர் ஊழியர் ஒருவர் இந்த விகிதக் கணக்கில் முழு ஆளாகச் சேரத் தேவையான சம்பளம் 2024 ஜூலையில் மாதம் 1,600 வெள்ளி ஆனது. 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் முதலாளி பங்காக மத்திய சேமநிதிக்கு இன்னும் 17 விழுக்காடு.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு தோசை மாஸ்டரைக் கொண்டுவந்தால் கடை தேறிவிடும் என்று பலரும் சொல்வார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களுக்கு அந்தக் கதவு திறந்தது உண்மை. ஆனால் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும், அப்படி வருபவர்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 8 விழுக்காட்டில் ஒருவர் வர வேண்டுமென்றால் கடையில் பதின்மூன்று பேராவது வேலைசெய்ய வேண்டும். ஏழு பேர் கடைக்கு அந்தக் கதவு சாத்தியேதான் இருக்கிறது. அதனால்தான் சின்னக் கடைகள் மலேசியத் தமிழர்களையும் நிரந்தரவாசிகளையும் சார்ந்து நிற்கின்றன. மாஸ்டர் ஒருவர் நோயில் விழுந்தாலோ வேறு கடை 300 வெள்ளி கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டாலோ ஒரே வாரத்தில் சுவை மாறிவிடும். வாடிக்கையாளர் ஏன் குறைந்தார் என்று தேடும் முதலாளிகள் இந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

45 பேர் உட்காரும் ஓர் இலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் பேட்டைக் கடையின் எண்களை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வாடகை 12,000 வெள்ளி. முதலாளியும் மனைவியும் நீங்கலாக ஐந்து பேருக்குச் சம்பளம், சேமநிதி, தீர்வை, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 16,000. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 3,500. பூச்சி மருந்து, புகைக்குழாய் சுத்தம், காப்புறுதி, கணக்காளர், பில் இயந்திரம் முதலியவை 2,500. ஆக 34,000 வெள்ளி. ஒரு இலைகூட விழாவிட்டாலும் மாதம் பிறந்தால் இந்தத் தொகை போயே தீரும்.

சராசரியாக ஒருவர் 10 வெள்ளிக்குச் சாப்பிடுகிறார். அதில் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், இலை, பொட்டலத் தாள் என்று மூன்றரை வெள்ளி போய்விடும். மிஞ்சுவது 6.50. 34,000ஐ 6.50ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5,230. மாதம் 26 நாள் கடை திறந்தால் ஒரு நாளைக்கு 201க்குச் சற்று மேல், அதாவது 202 பேர் சாப்பிட வேண்டும். இப்போது 180 பேர்தான் வருகிறார்கள் என்று வையுங்கள். மாதம் 3,580 வெள்ளி நஷ்டம்.

கடை பிழைக்கத் தேவையானது ஒரு நாளைக்குக் கூடுதலாக 22 இலை, அதாவது 22 சாப்பாடு. அவ்வளவுதான். ஆனால் அது ஒவ்வொரு நாளும் வேண்டும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் திரும்பப் பாருங்கள். வார இறுதியில் 400 பேர் கூடுதலாகச் சாப்பிட்டால் மிஞ்சுவது 2,600 வெள்ளி. ஒரு மாத நஷ்டத்தைக்கூட அது மூடாது. அதிலும் கூடுதல் ஆள் கூலி, அவசரத்தில் சில்லறை விலைக்கு வாங்கிய காய்கறி எல்லாம் கழியும். உண்டியல் குலுக்கி 5,000 வெள்ளி சேர்த்துக் கொடுத்தால் ஆறு வாரம் ஓடும். அதன் பிறகு 180 இலை அதே 180தான்.

விநியோகச் செயலிகளில் ஆர்டர் போட்டு ஆதரிப்பவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். செயலி எடுக்கும் தரகு பல கடைகளுக்கு 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 10 வெள்ளி ஆர்டரில் 3 வெள்ளி அதற்கு, 3.50 சரக்குக்கு. மிஞ்சுவது 3.50. நேரில் 22 பேர் சாப்பிடுவதற்கு ஈடாகச் செயலியில் 41 ஆர்டர் வேண்டும். கடைக்காரர் செயலியில் விலையை ஏற்றிவைத்திருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் ஏற்றிய விலை அடுத்த ஆர்டரைத் தள்ளிவிடும். புளோக்கின் கீழே இருக்கும் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, போய் எடுத்துக்கொண்டு, பேநவ்வில் கட்டுவது நூறு நல்ல விமர்சனத்துக்குச் சமம். கடன் அட்டை என்றால் இரண்டு மூன்று விழுக்காடு அங்கேயும் கழியும்.

அடுப்படியில் என்ன ஆகிறது

கூட்டம் திடீரென்று வந்தால் ஏன் கடை தடுமாறுகிறது என்பது அடுப்படியில் நின்று பார்த்தால் தெரியும். தோசை மாவை இன்றைக்கு நினைத்து இன்றைக்கு உண்டாக்க முடியாது. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. நாலைந்து மணி நேரம் ஊற வேண்டும், அரைக்க வேண்டும், பிறகு நம் ஊர் வெக்கையில் எட்டு மணி நேரம் புளிக்க வேண்டும். அதில் வருவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான மாவு. கடைத் தோசை ஒன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் பிடிக்கும், ஆக முப்பது தோசை. 120 தோசைக்கு மாவு வைத்திருக்கும் கடையில் 300 தோசை கேட்டால், மறுநாளைக்கு வைத்திருந்த புளிக்காத மாவை எடுத்து ஊற்றுவார்கள். தோசை கல்லை விட்டு எழாது, ஓரம் முறுகாது, வெளுத்துப் போய் வரும். அன்றைக்கு முதல்முறை வந்தவர் சாப்பிட்டது அந்தத் தோசையைத்தான். மறுநாள் காலைக்கு மாவே இல்லை.

கல்லின் வேகமும் அப்படித்தான். ஒரு கல்லில் ஒரு தடவைக்கு நாலு தோசை, மூன்று நிமிடம். காகிதத்தில் அது மணிக்கு 80. கல்லைத் துடைத்து, மசாலா வைத்து, மடித்து, தட்டில் போடும் நேரத்தையும் சேர்த்தால் 60 வந்தால் பெரிய விஷயம். மத்தியானம் 12 முதல் ஒன்றரை வரை ஒரு மாஸ்டரால் 90 தோசைதான். வரிசையில் 150 பேர் நின்றாலும் அதே 90தான்.

இலைச் சாப்பாடு கொஞ்சம் தாங்கும். ஒரு கிலோ பச்சரிசியோ புழுங்கலோ வெந்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறையும், மறுசோறும் சேர்த்து ஏழெட்டு இலைக்கு வரும். சாம்பார் இலைக்குக் கால் லிட்டர். சோறு தீர்ந்தால் அரை மணி நேரத்தில் இன்னொரு உலை வைத்துவிடலாம், சாம்பார் தீர்ந்தால் முடியாது. பருப்பு குழைய, புளி பச்சை வாசனை போக முக்கால் மணி நேரமாவது ஆகும். அவசரத்தில் சுடுதண்ணீர் விட்டு நீட்டுவார்கள். வழக்கமாக வருபவர் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இதெல்லாம் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். கடைக்கு வேண்டியது முன்கூட்டியே தெரிகிற கூட்டம். நாளை மத்தியானம் 30 பேர் கூடுதலாக வருவார்கள் என்று இன்று சாயங்காலம் 6 மணிக்குத் தெரிந்தால் மாஸ்டர் ஒரு கிலோ அரிசி கூட ஊறப்போடுவார். நாளை 12 மணிக்குத் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் கேட்க வேண்டியவை

உதவி செய்யப் புறப்படும் குழு முதலில் செய்ய வேண்டியது முதலாளியிடம் போய்ப் பேசுவது. பத்துப் பேர் போகக்கூடாது. பல வருடம் சாப்பிட்டுப் பழகிய ஒருவர், வயதில் மூத்தவர், மூன்று நான்கு மணி வாக்கில் கடை ஓய்ந்திருக்கும்போது போய் உட்கார வேண்டும். "அண்ணே, கடையைத் தொடர்ந்து நடத்தணும்னு உங்களுக்கு எண்ணம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. சிலருக்கு முட்டி வலி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், உள்ளுக்குள் போதும் என்றிருக்கும். அவர்களைப் பொதுவில் ஊர்கூடி இழுத்துவைப்பது உதவி ஆகாது. கேட்காமல் "கடை மூடப்போகுது, காப்பாத்துங்க" என்று எழுதுவது இன்னும் கெடுதல். அந்தச் செய்தியைக் காய்கறி வியாபாரியும் படிப்பார். மறுநாளிலிருந்து அவர் கடனுக்குச் சரக்குப் போட மாட்டார்.

தொடரத்தான் ஆசை என்றால் ஐந்து விவரம் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பில், கிழமைவாரியாக. சராசரி பில் தொகை. மாத நிலையான செலவு. குத்தகை முடியும் தேதி. பாக்கி யாருக்கெல்லாம் எவ்வளவு. கடைசி விவரத்தைச் சொல்ல மனிதர் கூச்சப்படுவார். ஆனால் அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

எல்லாப் பாக்கியும் ஒன்றல்ல. ஊழியர் சம்பளம் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. அடுத்தது தீர்வை. அது நின்றால் அபராதம் ஏறும், இருக்கும் அனுமதிச் சீட்டுகளும் ரத்தாகலாம், புதியவையும் கிடைக்காது, அடுப்படியே நின்றுவிடும். மூன்றாவது சேமநிதி. தாமதித்தால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி, ஆண்டுக்கு 18. வாடகை அதற்கு அடுத்தது. அதற்குப் பிறகுதான் மளிகை வியாபாரி, கோழிக்காரர். நடைமுறையில் முதலாளிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரில் வந்து நிற்கும் வியாபாரிக்கு வெட்கப்பட்டு முதலில் கொடுத்துவிட்டு, கடிதமாக வருபவற்றை மேசை இழுப்பறையில் போட்டுவைக்கிறார்கள். இந்த இழுப்பறையை ஒரு தடவை திறந்து அடுக்கிக் கொடுப்பதே ஒரு பேட்டைக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி. சிங்கப்பூர் இந்திய வர்த்தக, தொழிற்சபையில் உள்ள சிறு, நடுத்தர நிறுவன நிலையத்தில் கட்டணமில்லாமல் ஆலோசகரைப் பார்க்கலாம். இந்த ஐந்து விவரத்தோடு போனால் பேச்சு உருப்படும்.

22 இலையை எங்கிருந்து கொண்டுவருவது

தமிழர்களுக்குப் பழக்கமான ஒரு வழி இருக்கிறது. குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள் ஒரு கடையில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுவார்கள். முன்பணம், டோக்கன், மாதக் கடைசியில் கணக்கு தீர்ப்பு. அந்த மெஸ் முறையைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். 20 சீட்டு உள்ள டோக்கன் புத்தகம் ஒன்று 200 வெள்ளி. 22 இலை, 26 நாள் என்றால் 572 சாப்பாடு, அதாவது 29 புத்தகம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் பேட்டையில் முப்பது குடும்பம் போதும்.

ஆனால் இதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, ஏற்கெனவே தினமும் வருபவர் புத்தகம் வாங்கினால் கடைக்குப் புதிதாக ஓர் இலையும் கூடவில்லை, நாளைய காசு இன்றைக்கு வந்தது, அவ்வளவே. புத்தகம் வாரம் ஒரு தடவைகூட வராதவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். இரண்டு, சீட்டு திங்கள் முதல் வியாழன் வரைக்கும் மட்டும் செல்ல வேண்டும். சனி, ஞாயிறு மேசை ஏற்கெனவே நிரம்பியிருக்கும்; அன்றைக்கு டோக்கன்காரர் வந்து உட்கார்ந்தால் காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் திரும்பிப் போவார். மூன்றாவதுதான் கடையைக் கவிழ்ப்பது. முன்பணம் வருமானம் ஆகாது, அது கடன். 30 புத்தகம் விற்று 6,000 வெள்ளி வந்ததும் முழுவதையும் பழைய வாடகைப் பாக்கிக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் 600 பேர் காசில்லாமல் வந்து உட்காருவார்கள், அரிசி வாங்கக் கையில் ஒன்றும் இருக்காது. 6,000 வந்தால் சரக்குக்கான 2,100ஐத் தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும். சீட்டுக்கு வரிசை எண்ணும் கடை முத்திரையும் போட்டு, 45 நாள் கெடு வைத்து, ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னும் எத்தனை சீட்டு வெளியே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் விற்பனையை நிறுத்த வேண்டும்.

தள்ளுபடி தர வேண்டாம். பத்து விழுக்காடு தள்ளினால் ஒரு இலைக்கு 6.50 மிஞ்சுவது 5.50 ஆகிவிடும், 22 இலை 26 ஆகிவிடும். அதற்குப் பதில் டோக்கன்காரருக்கு ஒரு மெதுவடை வைத்தால் கடைக்குச் சில காசுதான் செலவு, வாங்குபவருக்கு மனம் குளிரும்.

வாங்குபவரும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடை கலைக்கப்பட்டால் டோக்கன் வைத்திருப்பவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர் ஆவார், வரிசையில் கடைசி. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் 20,000 வெள்ளி வரைக்கும் கோரலாம் என்றாலும், காலியான நிறுவனத்திடமிருந்து ஒன்றும் வராது. ஒரு நேரத்தில் ஒரு புத்தகத்துக்கு மேல் வாங்காதீர்கள்.

இரண்டாவது வழி அன்னதானம். பிறந்தநாள், நினைவுநாள், நேர்த்திக்கடன் என்று நம் குடும்பங்கள் எப்படியும் செய்வதுதான். பேட்டைக் கடையில் 6 வெள்ளிச் சாப்பாடு ஒன்றைத் தனியாக வகுத்து, சோறு, சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பொரியல், ரசம், மோர் என்று வைத்து, வேண்டியவர்கள் பிறருக்காக முன்பே கட்டிவிடலாம். சரக்குச் செலவு போக மூன்றரை வெள்ளிக்கு மேல் மிஞ்சும். இந்தச் சாப்பாட்டை இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி வரை மட்டும் கொடுக்க வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஆள் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும், மேசை சும்மா கிடக்கும் நேரம் அது. வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வசிப்போர் குழு மூலமாகவும், துடிப்பாக மூப்படைதல் நிலையம் மூலமாகவும் சொல்லி அனுப்பலாம். வெளிநாட்டு ஊழியர்களை மனத்தில் வைத்து ஆரம்பித்தால் சீட்டு தேங்கிவிடும், ஏனென்றால் தங்குவிடுதிகள் பெரும்பாலும் தூரத்தில் இருக்கின்றன, அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். இன்றைக்கு எத்தனை கட்டப்பட்டது, எத்தனை கொடுக்கப்பட்டது என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிவைத்தால் சந்தேகப் பேச்சு எழாது.

மொத்த ஆர்டர் மூன்றாவது. அலுவலகக் கூட்டம், டியூஷன் வகுப்பு, காற்பந்துக் குழு என்று 25 பொட்டலம் ஒரே ஆர்டரில் வந்தால் அன்றைய 22 முடிந்தது. முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் சொல்ல வேண்டும், எடுத்துக்கொள்ளும் நேரம் பகல் 11ஆக இருக்க வேண்டும். 12 மணிக்குக் கேட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தாமதமாகும். பொட்டலச் சாப்பாடு வேறு, விருந்துக்குச் சமைத்துப் போடும் கேட்டரிங் வேறு. கேட்டரிங்குக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும், எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று முத்திரையும் போட வேண்டும். சமைத்து நாலு மணி நேரம் என்பது கணக்கு. சமூக மன்ற நிகழ்ச்சி என்றால் ஹலால் சான்றிதழும் கேட்பார்கள். இவை இல்லாத கடையின் தலையில் 200 பேர் கல்யாணத்தைக் கட்டி உதவுவது உதவி ஆகாது.

அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டுகளை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைப்பதில் பாதி உணவங்காடிக் கடைகளுக்கும் பேட்டைக் கடைகளுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பல வீடுகளில் அது ஆண்டுக் கடைசிவரை அப்படியே கிடந்து, கெடு முடியும் வாரத்தில் எங்கோ தீர்க்கப்படுகிறது. கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் 2, 5, 10 வெள்ளிச் சீட்டுகளை வாரம் ஒன்றாக அங்கே கொடுங்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். புரட்டாசியில் சைவக் கடைக்கு உட்கார இடமிருக்காது, மீன் தலைக்கறி விற்கும் கடை ஈயோட்டும். ஜூன் விடுமுறையிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும்வரையும் பாதிப் பேட்டை ஊருக்குப் போய்விடும். சைவக் கடைக்குப் புரட்டாசியில் ஆதரவு திரட்டி, 240 இலை விழுகிறது, கடை தேறிவிட்டது என்று கைகழுவினால் டிசம்பரில் கடை இருக்காது.

செய்யக்கூடாதவை சில

ஆள் பற்றவில்லை என்று வீட்டிலிருக்கும் அக்காமார் நாலு பேர் அடுப்படிக்குப் போய் உதவலாம் என்று தோன்றும். உணவைக் கையாளுபவர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிப் பதிவுசெய்திருக்க வேண்டும். சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவர்கள் 2021 மே முதல் முறையான வேலை அனுமதி இல்லாமல் வேலைசெய்ய முடியாது. சம்பளம் வாங்கவில்லை என்பது நல்ல வாதமாகாது. மாட்டினால் முதலாளிக்கும் அவர்களுக்கும் சேர்ந்து ஆபத்து. தொண்டர்களால் நடக்கும் அன்னலட்சுமி உணவகத்தைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அது தொடக்கத்திலிருந்தே அப்படி அமைக்கப்பட்ட ஏற்பாடு. வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்ட அனுமதி வேண்டும். சீட்டுப் பிடித்துக் கொடுப்பதற்கும் வட்டிக்கு விடுவதற்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பட்டியலில் 90 பதார்த்தம் வைத்திருப்பதைக் குறைக்கச் சொல்வது இதைவிட நல்ல உதவி. விற்காமல் கொட்டும் சரக்கு விற்பனையில் இரண்டு விழுக்காடு குறைந்தால், 46,800 வெள்ளி விற்கும் கடைக்கு மாதம் 936 வெள்ளி. அது ஐந்து இலைக்கு மேல்.

கடை இடத்தின் சொந்தக்காரரிடம் வாடகை பேசுவதும் அதே கணக்குதான். "கஷ்டமா இருக்கு, பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள். 12,000 வெள்ளி வாடகைக் கடை இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் 24,000 போகும், அதற்கு மேல் முகவர் தரகு. மாதம் 1,000 குறைத்து இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்தாலும் அதே 24,000தான். இதைக் காகிதத்தில் எழுதி, குத்தகை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே கொண்டுபோக வேண்டும். 1,000 குறைந்தால் தேவைப்படும் இலை நாளைக்கு ஆறு குறையும். 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சில்லறை வணிக இடக் குத்தகைச் சட்டம், அதன்பின் கையெழுத்தான ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், நிலையான வாடகையா விற்பனைப் பங்கா எது கூடுதலோ அதைக் கொடு என்ற இரட்டைக் கணக்கைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் புதுப்பிக்கும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் இதையெல்லாம் செய்தும் செவ்வாய்க்கிழமை மத்தியானத்து எண்ணிக்கை அசையவில்லையென்றால், சம்பளம் இரண்டு மாதம் பாக்கி நின்றால், மூடுவதுதான் சரி. மூடுவதற்கும் காசு வேண்டும் என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். புகைக்குழாய், எண்ணெய்த் தொட்டி, தரை ஓடு எல்லாவற்றையும் பெயர்த்து இடத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைப்புத்தொகை கழியும். ஆகவே இரண்டு மாதம் முன்பே தேதி குறித்து, அன்றே டோக்கன் விற்பதை நிறுத்தி, வெளியே நிற்கும் சீட்டுகளைச் சாப்பிட்டுத் தீர்க்கச் சொல்லி, கிரைண்டரையும் தோசைக் கல்லையும் எடைக்குப் போடாமல் வேறு கடைக்கு விற்று, அந்தக் காசில் கடைசிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். பேட்டைக்காரர்கள் அப்போது செய்யக்கூடியது, தாங்கள் சாப்பிடும் மற்ற கடைகளில் மாஸ்டருக்கும் பரிமாறுபவர்களுக்கும் வேலை கேட்பது. அனுமதிச் சீட்டு ரத்தாகும் முன் புது முதலாளி விண்ணப்பித்தால்தான் அவர்கள் இங்கேயே தொடர முடியும். அதனால் அந்தப் பேச்சைத் தேதி குறித்த வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.